பலகைத் தரையில் இரண்டு மிதி

அம்மாவின் கருமாதிக்கு அப்பாவு கிராணி வந்திருந்தார். ஒரு காலத்தில் தோட்டத்துக் கணக்கர், வயது எண்பத்தாறு. பேரன் காரில் கொண்டுவந்து இறக்கினான். அம்மாவின் படத்துக்கு ஒரு மாலை போட்டார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, சொன்னார்.

"அன்னிக்கு ஒங்கம்மா எம்பேச்சக் கேட்டிருந்தா அந்தப் பையன் பொழச்சிருப்பான்லா. பெரட்டுக் களத்துலயே வெச்சுப் பாருங்கன்னுதான் நான் சொன்னேன். அதுதான் உள்ள கூட்டிட்டுப் போச்சு."

வீடு நிறையக் கூட்டம் இருந்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதியை அவர் சொல்லமாட்டார். அதை நான் எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் இருளாயி. மலாயாவில், ஈப்போவிலிருந்து கோலா கங்சாருக்குப் போகும் சடக்கில், அதாவது சாலையில், உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தாள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தாள். நான் பிறந்த இரண்டாம் வருடம் அப்பா காய்ச்சலில் போனார். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அவரை எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள். அங்கே அம்மா ஆயாவாகச் சேர்ந்தாள். குளிப்பாட்ட, ஊட்ட, துணி துவைக்க.

கருமாதியில் பேசியவர்கள் அம்மாவைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். இவர்கள் யாரைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. ஒரு பிள்ளை ஒரே இடத்தில் இரண்டு தரம் தடுக்கி விழுந்தால் பிள்ளையைத் திட்டமாட்டாள். அந்த இடத்தைத் திட்டுவாள். மறுநாள் அந்த இடத்தில் ஏதாவது மாறியிருக்கும்.

கண் தெரியாதவர்களுக்காகச் சுவரோரமாகக் கயிறு கட்டினாள். சமையலறைக்கு ஒரு முடிச்சு. குளியலறைக்கு இரண்டு. மூன்று முடிச்சு கையில் பட்டால் நின்றுவிட வேண்டும், அடுத்தது கிணறு. காது கேளாத பிள்ளையைப் பின்னாலிருந்து தொட மாட்டாள். தொட்டால் பதறும் என்பாள். பலகைத் தரையில் குதிகாலால் மிதிப்பாள். அதிர்வு பிள்ளையின் வெறுங்காலில் ஏறும். ஒரு மிதி என்றால் கையில் இருப்பதை நிறுத்து. இரண்டு மிதி என்றால் திரும்பி என்னைப் பார். மிஸ்ஸி இதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டதாக அம்மா சொல்வாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

ஜப்பான்காரன் வந்தான். மிஸ்ஸியைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது பிள்ளைகளில் ஐந்து பேரை வீட்டார் வந்து கூட்டிப்போனார்கள். நான்கு பேரைத் தேடி யாரும் வரவில்லை. கண் தெரியாத பாப்பாவுக்கு என் வயது. காது கேளாத அக்காள் தங்கை இருவர், சின்னவர்கள். பிறகு மாயாண்டி. ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரிலிருந்து பத்து வயதில் வந்தவன், அப்போது பதினாறு. பிறவியிலேயே காது கேளாது. தோள் அகலம். ஆளைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவனுடைய கேடு அதுதான்.

சிலிபின் முனையில் ஒரு சிப்பாய் காவல் நின்றான். கடந்து போகிறவர்கள் குனிந்து வணங்க வேண்டும். பாப்பாவுக்கு அவன் நிற்பது எப்படித் தெரியும்? அறைந்தான். உதடு கிழிந்தது. மறுநாளிலிருந்து அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினால் குனிய வேண்டும். இரண்டு நாளில் பழகிவிட்டாள். ஒருநாள் காய்கறி விற்கும் சீனரின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தாள். அவர் பதிலுக்குக் குனிந்தார். அம்மாவின் விரல் தவறி அழுந்தியிருக்கிறது. நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "சொல்லிக் குடுத்தது எங்க வேணாலும் வேலை செய்யுது," என்றாள். அன்று அதன் பொருள் அவளுக்கே முழுதாகத் தெரிந்திருக்காது.

சில மாதங்களில் பள்ளிக் கட்டடத்தைச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். அம்மா நான்கு பிள்ளைகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு தான் பிறந்த தோட்டத்துக்கு நடந்தாள். இரண்டு நாள் ஆயிற்று.

தோட்டம் எங்களை வரவேற்கவில்லை. துரை ஓடிப்போயிருந்தான். பால் வெட்டு நின்றுவிட்டது. மரத்தைச் சாய்த்து மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பசி.

"நீயும் ஒம்மவளும் வந்தா சரி. இந்தக் குருடு செவிடெல்லாம் எந்த ஊருது? எங்க கெழங்குல பங்கு கேக்கவா கூட்டியாந்த?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

"ஒங்கெழங்கு எனக்கு வேணாம். நட்டுத் திங்கத் தெரியும்," என்றாள் அம்மா.

"நடு. ஆனா பெரட்டு முடியிற வரைக்கும் இதுங்க தல வெளிய தெரியக் கூடாது. விடிஞ்சதும் மொத மொகமா இதையா பாக்குறது?"

பெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் கூட்டம். அது நடக்கும்வரை பிள்ளைகள் ஒளிந்திருக்க வேண்டும் என்பது லயத்து வரிசை வீடுகளின் சட்டமாயிற்று. போட்டவர்கள் நம் ஜனங்கள்தான். ஜப்பான்காரன் போட்ட சட்டமல்ல.

அப்பாவுதான் தோட்டத்தின் பெரிய கிராணி. துரை போனபின் எல்லாம் அவர். துரை விட்டுப்போன பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடப்பார். அது அவர் காலுக்கு ஒரு அளவு பெரிது. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் கழன்று ஒட்டும். அவர் எங்களுக்கு ஆயாக்கொட்டகையைக் கொடுத்தார். பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை அது. அப்போது காலியாகக் கிடந்தது. தரைக்கு மேல் இரண்டடி உயரத்தில் பலகை பாவியது. அம்மா உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றி இரண்டு மிதி மிதித்தாள். காது கேளாத மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அன்றுதான் அவள் முகம் தெளிந்தது.

கொட்டகை சும்மா கிடைக்கவில்லை. மாயாண்டி கிராணி வீட்டுக்கு விறகு பொளக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும் என்று பேச்சு. முதல் நாள் கிராணி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை வற்றினார். பிறகு கட்டையை எடுத்து முதுகில் எறிந்தார். அம்மா அங்கே போனாள்.

"எறியாதீங்க கிராணி. அவன் கழுதயில்ல. ஒங்க வராந்தாவும் பலகதான? குதிகாலால ரெண்டு மிதி மிதிங்க. திரும்பிப் பாப்பான்."

மிதித்தார். மாயாண்டி திரும்பினான், சிரித்துக்கொண்டே. கிராணிக்கு அது வேடிக்கையாகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டினார். "நாய் தேவல, விசிலடிச்சாத்தான் வரும். இதுக்குக் காலே போதும்," என்பார். அம்மாதான் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாள். இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

1943 ஆடி மாதம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து பதினெட்டுப் பேர். ஒரு ஆள் குறைந்தால் கிராணியே போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். அவருக்கும் பயம் இருந்திருக்கும். எனக்கு அது புரிகிறது. மன்னிப்பு என்பது வேறு.

திங்கட்கிழமை பெரட்டில் வாசித்த பதினெட்டாவது பெயர் உடையப்பன். கிராணியின் அக்காள் மகன். செவ்வாய்க்கிழமை வாசித்தபோது பதினெட்டாவது பெயர் மாயாண்டி.

அம்மா கிராணி வீட்டு வாசலில் நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்திருந்தேன்.

"அவனுக்குக் காது கேக்காது. பின்னால மரம் சாஞ்சாலும் தெரியாது. போனா செத்துருவான்."

"மம்பட்டி புடிக்கக் காது எதுக்கு?"

"அப்ப ஒங்க மருமவன் போவட்டும். அவனுக்குத்தான் ரெண்டு காதும் நல்லா இருக்கே."

"வாய அடக்குடி. ஒன்னயக் கொட்டகைல வெச்சதே நானு."

"சும்மா வெச்சீங்களா? ஒங்க வீட்டு அடுப்பு ஒரு வருசமா யாரு பொளந்த வெறகுல எரியுது?"

கிராணி கதவைச் சாத்தினார்.

புதன்கிழமை காலை லாரியோடு ஒரு ஜப்பானிய அதிகாரியும், மொழிபெயர்க்க ஈப்போவிலிருந்து ஒரு தமிழரும் வந்தார்கள். நொண்டி, குருடு, காசக்காரன் என்றால் கழித்துவிடுவார்கள். பதினெட்டுப் பேரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றார்கள். அம்மா வரிசைக்குள் புகுந்து மாயாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அலுத்துக்கொண்டார். "நேத்து பக்கத்துத் தோட்டத்துல மூணு பேருக்குக் காது கேக்கல. கன்னத்துல ஒன்னு வுட்டதும் கேட்டுச்சு. நீ வேற ஏம்மா?"

"சோதிச்சுப் பாருங்க. கேட்டுச்சுன்னா என்னயும் லாரில ஏத்துங்க."

அதிகாரி என்ன விஷயம் என்று கேட்டான். மலாயில் சொன்னார்கள். "துலி?" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினான், செவிடா என்று மலாயில். அம்மா தலையாட்டினாள்.

"இங்கேயே பாத்துரலாமே," என்றார் கிராணி. ஆம், அவர் அப்படிச் சொன்னார். அந்தப் பாதி உண்மை.

அம்மா மறுத்தாள். அவள் சொன்ன காரணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இங்க இத்தன பேரு நிக்கிறாங்க. பின்னால சத்தம் போட்டா எதுக்க நிக்கிறவங்க கண்ணு அங்க போவும். அவன் அந்தக் கண்ணப் பாத்துத் திரும்புவான். அப்புறம் கேட்டுருச்சும்பீங்க. எங்கூட்டுக்கு வாங்க. செவுத்தப் பாத்து நிக்க வெக்கிறேன். அப்ப தெரியும்."

நான் முப்பது வருடமாகக் காது கேட்கும் திறனை அளக்கும் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தேன். எழுத்தறியாத ஆயா சொன்ன இந்த வாதத்தில் பிழை இல்லை. சோதிக்கப்படுகிறவன் கண்ணால் பதிலைப் பிடிக்கக்கூடாது. முதல் வாரப் பாடம் அது. இரண்டாவது வாரப் பாடம், காலாலும் பிடிக்கக்கூடாது என்பது. அம்மா தரையை மறந்துவிட்டாள். மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு மிதி அவளுக்கு ஒரு வித்தையாகவே தோன்றவில்லை. அது அவள் பிள்ளைகளைக் கூப்பிடும் குரல். நாம் சோதனை செய்யும்போது நம் குரலை யார் எடுத்து ஒளித்து வைப்போம்?

அதிகாரிக்கும் வேடிக்கை பார்க்கத் தோன்றியிருக்க வேண்டும். கொட்டகைக்கு வந்தான். அம்மா மாயாண்டியைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். நில், சுவரைப் பார், என்று கையால் சொன்னாள். அவன் வெறுங்காலோடு நின்றான். அவனுக்குப் பின்னால் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், அம்மா. அவர்களுக்கும் பின்னால், வாசலோரம், கிராணி. சின்னப் பிள்ளைகள் இரண்டும் மூலையில். நான் பக்கச் சுவரோரம் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாயாண்டியின் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது.

அதிகாரி கை தட்டினான். மாயாண்டி அசையவில்லை. விசில் ஊதினான். சின்னப் பிள்ளைகளும் அசையவில்லை. பாப்பா மட்டும் காதைப் பொத்தினாள். தகர வாளியைக் கையில் தூக்கிப் பிடித்து வாளுறையால் ஓங்கி அடித்தான். மாயாண்டி சுவர்ப் பலகையிலிருந்த ஒரு கரும்புள்ளியைப் பார்த்துக்கொண்டே நின்றான். இமைகூடத் துடிக்கவில்லை.

அதிகாரி வாளியைக் கீழே வைத்தான். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னான். அவர் அம்மாவிடம், "சரிம்மா, துலிதான்," என்றார். பெயரை அடிக்கக் கைத்தாளை எடுத்தார்.

தரையில் இரண்டு மிதி விழுந்தது.

மாயாண்டி திரும்பினான். சிரித்துக்கொண்டே, அம்மாவைத் தேடிக்கொண்டு. சின்னப் பிள்ளைகளும் திரும்பினார்கள்.

பிறகு அதிகாரி மெதுவாகச் சொன்னான், "போஹோங்." பொய் என்று மலாயில் அவனுக்குத் தெரிந்திருந்தது.

கிராணி, "கால் மரத்துப்போச்சு. அசைச்சேன்," என்றார்.

"பெரிய பூட்ஸு. கிராணி மிதிச்சாரு. அம்மா மிதிக்கல," என்றாள் பாப்பா, உரக்க. எட்டு வயதுக் கண் தெரியாத பெண் சொன்னதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அம்மா தரையில் மண்டியிட்டாள். மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்து இழுத்துப் பலகைமேல் அழுத்தினாள். "காது இல்லய்யா. காலு. பாருங்க, பலக ஆடுது, தொட்டுப் பாருங்க. நாந்தான் பழக்கினேன். நாந்தான்யா." இன்னொரு கையால் பலகையைக் குத்தினாள். மாயாண்டி மறுபடி அவளைப் பார்த்தான். அவள் குத்தக் குத்த அவன் பார்த்தான். தன் வாதத்தைத் தானே தோற்கடித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அவளைக் காலால் தள்ளினான். அவள் தன்னிடம் கெஞ்சுகிறாள் என்று அவன் நினைத்திருப்பான்.

அவளை லாரியில் ஏற்றவில்லை. பெண்கள் பட்டியலில் இல்லை.

மாயாண்டியிடம் எதையாவது சொல்ல வேண்டும். அம்மாவின் கைச்சாடையில் வேலை இருந்தது, தூரம் இருந்தது, மழை, சோறு, தூக்கம், திரும்பி வா எல்லாம் இருந்தது. சயாம் இல்லை. வேலை, தூரம், திரும்பி வா என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். கிராணி வீட்டுப் பக்கம் கைகாட்டி, விறகு பொளக்கிற மாதிரிச் செய்தான். மிச்ச விறகை யார் பொளப்பது என்று கேட்டான்.

லாரி கிளம்பும்போது அம்மா முதுகைக் காட்டி நின்றாள். லாரியின் பின்பலகையில் இரண்டு மிதி கேட்டது. அம்மா திரும்பினாள். லாரி சடக்குக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினெட்டில் நான்கு பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் இராமசாமி. சண்டை முடிந்த மறு வருடம் வந்து சொன்னார். மூன்றாவது மாதம், மாயாண்டி மண் சுமந்து கொண்டிருந்தானாம். காவல்காரன் பின்னாலிருந்து நில் என்று கத்தினான். இரண்டு தரம் கத்தினான். அதற்கு மேல் கத்தவில்லை. அங்கே பலகை இல்லை. மண்தரை.

"நீ ஏன்யா அவன் பக்கத்துல நிக்கல?" என்று அம்மா கேட்டாள்.

"நின்னா நானும் வந்திருக்கமாட்டேன்லா," என்றார் இராமசாமி. அம்மா அவருக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தாள். தட்டை அவர் கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தாள்.

லாரி போன மறுநாளே அம்மா பாடத்தை வெளியே மண்ணுக்கு மாற்றிவிட்டாள். சின்னப் பிள்ளைகள் இரண்டையும் கூப்பிட எதிரில் போய் நின்றாள், எத்தனை தூரமாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு போய். ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும்தான் அவர்களைப் பலகைமேல் நிற்க வைத்தாள். அவள் மிதிப்பாள், அவர்கள் திரும்பக்கூடாது. திரும்பினால் கையில் அடி. நான்கு நாள் அடித்தாள். அடுத்த லாரி பெண்களை ஏற்றினாலும் ஏற்றும் என்று பயந்தாள். ஐந்தாம் நாள் அவள் எத்தனை மிதித்தாலும் இரண்டும் சுவரைப் பார்த்து நின்றன. அம்மா வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

சண்டைக்குப் பிறகு பள்ளிக்கூடம் சிலிபினில் மறுபடி திறந்தது. அம்மா இன்னும் இருபத்தொரு வருடம் அங்கே ஆயா. பயிற்சி பெற்ற புது ஆசிரியர்கள் வந்தார்கள். பலகையில் மிதித்துக் கூப்பிடுவதைப் புது முறை என்று அவளுக்கே விளக்கினார்கள். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவாள்.

1969இல் ஈப்போவில் எனக்கு ஒரு சோதனை அறை கட்டிக் கொடுத்தார்கள். திறந்த அன்று அம்மா வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"இதுக்கு அடியில என்ன?"

"ரப்பர் கட்டைம்மா. வெளி அதிர்வு ஏறாம இருக்க."

செருப்பைக் கழற்றினாள். சுவரைப் பார்த்து நின்றாள். "அங்கிட்டு வெளிய போயி மிதி," என்றாள்.

நான் வாசலுக்கு வெளியே நின்று மிதித்தேன்.

"மிதிச்சியா?"

"மிதிச்சேன்."

"இன்னொரு தரம். பலமா."

மிதித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ஒன்னும் ஏறல," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பாப்பா கருமாதிக்கு வந்திருந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெறப்போகிறாள். கிராணி படியேறும்போதே என் கையைத் தட்டி, "அந்த ஆளா?" என்று கேட்டாள். இப்போது அவர் காலில் பூட்ஸ் இல்லை. ஆனாலும் கேட்டாள்.

கிராணி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஊன்றுகோலை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. பேரனைத் தேடினார்.

"கால் மரத்துப்போச்சு," என்றார் என்னிடம்.

"ரெண்டு மிதி மிதிங்க கிராணி," என்றேன். "சரியாப் போயிரும்."

என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பாப்பா காதைத் தரைப்பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

கிராணி மிதிக்கவில்லை. பேரன் வந்து தூக்கும்வரை, காலை அசைக்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.